சாமிப் படத்துச் சுவர்

ஹட்டன். ஐப்பசி வெள்ளி, இரவு.

இன்று அடுப்படியில் இருந்தவர்கள்: இவர், நான், மாசமாக இருக்கும் மகள் செல்வி, வீட்டுப் பிளான் போடக் கொழும்பிலிருந்து வந்த தம்பி.

அந்தத் தம்பி என்னைச் சமைப்பதுபோல நடந்து காட்டச் சொல்லி, அளந்து வரைந்தார். நின்றே சமைக்கும் அடுப்பு எனக்குப் பிடித்தது. அடுத்து, வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் என்றார். அதுவும் சாமிப் படம் மாட்டிய சுவருக்குப் பின்னால்.

"குழாய் அந்தப் பக்கந்தாம்மா வருது. சாமிய இங்கிட்டு மாத்திக்கலாம்."

"சாமி கோவிச்சுக்க மாட்டாரு, இவதான் கோவிச்சுக்குவா," என்று இவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாழ வந்த நாள் முதல் அசையாத படம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் அதைப் பெயர்த்து ஏதாவது ஆகிவிட்டால்... பெயர்க்காவிட்டாலும் பயம்தான். வெளிக் கக்கூஸுக்கு இறங்கும் படியில், நேற்று மழையில் செல்விக்குக் கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கைக்குச் சுவர் கிடைத்தது.

முருகா, இடம் மாற உனக்குச் சம்மதமா? காலையில் வேலை தொடங்க மேசன் வருவதற்குள் சொல்லிவிடு.