வாசற்கல்லில் இரண்டு தடம்

மேட்டு நிலையம்,
ஏப்ரல் 10

அன்புள்ள மாப்பிள்ளை பார்தோலுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் விடிந்தும் விடியாமலும் என் வாசலில் மண்டியிட்டுக் கிடப்பாயா?

எதிர்க்கடை ரொட்டிக்காரி யாகா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "உங்க மாப்பிள்ளை நாடாவ வெச்சு வாசக்கல்ல அளந்துட்டிருந்தாரு. என்னன்னு கேட்டா, பூட்ஸ் கயிறு கட்டுறேன்னாரு. கால்ல கெடந்தது செருப்பு," என்றாள்.

திருநாள் ஊர்வலத்தில் உன் நிலையமா என் நிலையமா முன்னால் போவது என்று நாம் முட்டிக்கொண்டு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. சரி, போகட்டும். ஆனால் நகரசபை சொன்னது உனக்கும் தெரியும். ஊரின் முதல் தீயணைப்பு நிலையம் எதுவோ அது அருங்காட்சியகமாகும், மற்றதை இடித்துக் கார் நிறுத்துவார்கள். மே நாலு, தீயணைப்புக்காரர்களின் காவல் புனிதர் ஃப்ளோரியானின் திருநாளன்று, வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். குதிரை இழுத்த பழைய பம்பு வண்டி உன்னிடம் இருக்கிறது. அது எங்களுடையது, வெள்ளம் வந்தபோது இரவல் வாங்கிப் போன உங்கள் ஆட்கள் திருப்பித் தரவே இல்லை என்று என் அப்பா சாகும்வரை புலம்பினார். எனக்கு மிச்சம் இந்தக் கட்டடம்தான். இதையும் இடிக்க அளவெடுக்கிறாயா?

உன் மச்சான்,
மியோ

ஆற்றடி நிலையம்,
ஏப்ரல் 13

அன்பு மச்சானுக்கு,

யாகாவின் கண் எவ்வளவு கூர்மை என்பது அவள் கருக்கும் ரொட்டியைப் பார்த்தாலே தெரியும். உன் தங்கச்சி தொத்திறைச்சி கொடுத்தனுப்புகிறாள். சந்தேகமாக இருந்தால் முதலில் பூனைக்குப் போட்டுப் பார்.

உன் கட்டடம் இடியவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனால் ஒன்றுதான் நிற்கும். நான் இந்த நிலையத்து மாடியில்தான் பிறந்தேன். ரெஸாவைக் கட்டிக்கொண்டு வந்ததும் இதே மாடிக்குத்தான். இந்த வயதில் எங்களை எங்கே போகச் சொல்கிறாய்?

வாசலையாவது சுத்தமாக வைத்துக்கொள். ஒரே அழுக்கு.

பார்தோல்

மேட்டு நிலையம்,
ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

தொத்திறைச்சி நன்றாக இருந்தது. பூனையும் உயிரோடு இருக்கிறது.

நீ அழுக்கு என்றதும் எனக்கு உறுத்தியது. காரணமில்லாமல் நீ வாய் திறக்கிற ஆள் இல்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு வாசற்கல்லில் ஒட்டியிருந்த தாரையும் மண்ணையும் சுரண்டினேன். அடியில் இரண்டு பள்ளத் தடங்கள், என் விரல் புதைகிற ஆழத்துக்கு. இரும்புச் சக்கரம் வருஷக்கணக்கில் போய் வந்து தேய்த்தது. கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்பா பொய் சொல்லவில்லை.

நீ அளந்தது இதைத்தானே? உன் பம்பு வண்டியின் சக்கரங்களை நான் வந்து அளக்கவேண்டும். எப்போது வரட்டும்? இன்னொன்றும் காதில் விழுந்தது. இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கினாயாம். உன் வீட்டில் என்ன கட்டப்போகிறாய்?

மியோ

ஆற்றடி நிலையம்,
ஏப்ரல் 23

மச்சானுக்கு,

திருநாள் வரை வண்டியை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் ஆட்கள் எல்லாருமாக எடுத்த முடிவு. அதனால்தான் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. சிமெண்ட் என் சொந்த விஷயம்.

பார்தோல்

மேட்டு நிலையம்,
ஏப்ரல் 29

பார்தோலுக்கு,

மூடி வைத்தால் தெரியாமல் போகுமா? உன் கொட்டகைக்குக் கொல்லன் வந்து அரை நாள் இருந்திருக்கிறான். அச்சைக் குறுக்கத்தானே? சக்கரம் என் கல்லில் பொருந்திவிடக்கூடாது, அவ்வளவுதானே? அப்படிச் செய்திருந்தால் என் சாவுக்குக்கூட நீ வரவேண்டாம். ராத்திரி ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன். என்னை இப்படி ஆக்கிவிட்டாயே.

கடிதத்தை வாங்க மாட்டேன் என்று ரெஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னு திட்டிக்கங்க. நான் என்ன உங்க தபால்காரியா?" என்கிறாள். கெஞ்சித்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மியோ

ஆற்றடி நிலையம்,
மே 3, காலை

மச்சான்,

உன் சந்தேகத்தில் பாதி சரி.

திருநாளுக்காக என் வாசற்கல்லைத் தேய்த்துக் கழுவினேன். மழமழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. குதிரை வண்டி தினமும் போய் வந்த கல் இப்படியா இருக்கும்? அதனால்தான் உன் வாசலுக்கு வந்து, அழுக்குக்கு அடியில் கைக்குத் தட்டுப்பட்ட பள்ளங்களை அளந்தேன். வீட்டுக்குப் போய்ச் சக்கரத்தை அளந்தேன். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை.

சிமெண்ட் வாங்கியது உன் தடங்களை அடைக்கத்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாலம் வரை வந்தேன். அங்கே உட்கார்ந்து மேட்டைப் பார்த்தேன். கல்யாணத்தன்று உன் அப்பா அந்த வாசலில் நின்றுதான் ரெஸாவின் கையைப் பிடித்து என்னிடம் கொடுத்தார். திரும்பிவிட்டேன். அந்தச் சிமெண்ட் இப்போது எங்கள் கழிப்பறைத் தரையில் இருக்கிறது. உன் தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம்.

கொல்லனை அழைத்தது இறுகிப்போன அச்சுக்கு மசகு போட. உன் மேடு செங்குத்து, வண்டி ஏறவேண்டாமா?

என் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள். நாளை ஊர்வலத்தில் வண்டியைத் திருப்புகிற ஏர்க்கால் என் கையில். பாலத்தில் எல்லாரும் கோயில் பக்கம் திரும்பும்போது நான் மேட்டுப் பக்கம் திருப்புவேன். நகரசபைக்காரர்கள் கண்முன்னால் சக்கரம் உன் தடத்தில் இறங்கட்டும். கதவைத் திறந்து வை. தள்ள ஆள் வை.

ஆற்றடியை இடித்துவிடுவார்கள். உன் மாடியில் எங்களுக்கு ஒரு அறை ஒழித்துக் கொடு. இதைக் கேட்க எனக்கு நாக்கு கூசுகிறது.

பார்தோல்

மேட்டு நிலையம்,
மே 3, மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சக்கரம் கல்லில் இறங்கும்வரை உன்னை நம்பமாட்டேன். நாளை நாடாவோடு வாசலிலேயே நிற்பேன்.

தெருவைப் பார்த்த அறையை ஒழித்தாயிற்று, அப்பாவின் கட்டிலையும் போட்டாயிற்று. உன் நிலையத்துப் பெயர்ப்பலகையைக் கழற்றி வண்டியில் வைத்துக் கொண்டுவா. என் பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் மச்சான்,
மியோ