உன் நிரையை நான் எடுத்த நாள்

இன்றைக்குப் பெரட்டு மணி அடிக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஆள் கூட்ட, ஆபீஸ் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் நாலு தட்டுத் தட்டுவார்களே, அது கேட்காமல் போனதும் நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். கீழ் லயத்து வரிசை வீடுகளில் பெரியவர் ஒருவர் விடியற்காலை போய்விட்டாராம். சாவு விழுந்ததால் யாரும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. கோயில் வாசலில் எழுந்து நின்று நீ மாற்றினாயே ஒரு வழக்கம், அது பழையபடி ஆகிவிட்டது. கொழுந்துக்கு விலை ஏறி, வாரம் ஆறு நாளும் வேலை கிடைக்கத் தொடங்கியதும், ஒரு கூட்டம்கூடப் போடாமல் தானாகத் திரும்பிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பேத்தியின் நோட்டில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீயும் நானும் கண்டிச் சீமையிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். மண்டபம் முகாமில் சோற்றுக்கு நின்ற வரிசையில் என் தட்டை நீ பிடுங்கினாய், நான் உன் கையைக் கடித்தேன். சிநேகிதம் அங்கேதான் தொடங்கியது. அப்புறம் சேரம்பாடித் தோட்டத்துக்கு வந்து, பெயர் பதிந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கிய நாளிலிருந்து, என் நிரைக்கு வலப்பக்கம் உன் நிரை. ஆளுக்கு ஒரு வரிசைச் செடி என்றுதான் கங்காணி பிரித்துக் கொடுப்பார். உன் கை என் கையைவிட வேகம். உன் வரிசையை முடித்துவிட்டு என் செடிக்கும் எட்டிக் கிள்ளுவாய். "ஆமைகூட உன்னை முந்திரும்டி. நகரு, நகரு," என்பாய். கேலி செய்துகொண்டே என் கூடையையும் நிரப்பிவிடுவாய். ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வெயில் காய்ந்தபடி ஒருத்தி தலையை ஒருத்தி பார்ப்போம். வெல்லத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்போம். உன் மகள் மல்லிகா நம் இருவர் மடியிலும் மாறி மாறித் தூங்கி வளர்ந்தவள்.

பிறகு கொழுந்து விலை விழுந்தது. வாரம் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். ஃபேக்டரிப் புகை ஒருநாள் வரும், ஒருநாள் வராது. ஊரில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போனார்கள். கடன் ஏறிப்போனதால் சேட்டன் மளிகைக் கடைப் பக்கம் போகக் கூச்சப்பட்டுக்கொண்டு சுற்றுவழியில் நடந்தோம். அந்தப் பஞ்சத்தில்தான் மேல் லயத்தில் அடுத்தடுத்து இரண்டு சாவு. இரண்டும் வேலை நாளில். சாவு விழுந்தால் பிணத்தைத் தூக்கும்வரை பெரட்டு இல்லை என்பது நம் ஆட்கள் கண்டியிலிருந்தே கொண்டுவந்த வழக்கம். மூன்று நாளில் இரண்டு போனால் மிச்சம் என்ன? உன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க மரவள்ளிக் கிழங்கைத்தான் தின்றன.

மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஆம்பிளைகள் இருமிக்கொண்டும் மண்ணைக் கிளறிக்கொண்டும் இருந்தார்கள். நீ எழுந்தாய். "செத்தவங்களுக்குப் பசிக்காது. இருக்கிற பிள்ளைங்களுக்குப் பசிக்கும். இனிமே சாவு விழுந்தாலும் மத்தியானம் வரைக்கும் கொழுந்து எடுப்போம். அதுக்கப்புறம் வந்து தூக்குவோம். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! நானும் எழுந்தேன். "பிணத்தைப் போட்டுட்டுக் கூலிக்கு ஓடுறதா? நாளைக்கு நீ செத்துக் கெடந்தா, உன் மூஞ்சியைக்கூடப் பாக்காம நான் கூடையைத் தூக்கணுமா?"

நீ சிரித்தாய். "ஆமா. நீதான் மொத ஆளாப் போகணும். நீ போனாத்தான் மத்தவளுக போவாளுக."

எல்லாரும் சிரித்தார்கள். உன் பேச்சே எடுபட்டது. எனக்கு அவமானம். மறுநாள் கங்காணியிடம் போய், "எனக்கு வேற நிரை குடுங்க," என்று கேட்டேன். அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, புருசன் பொஞ்சாதிகூட இப்படிப் பிரியமாட்டாங்களே," என்றார். நீ கூடையை மாட்டிக்கொண்டு உன் நிரைக்குள் இறங்கினாய். அன்று நான் மேட்டுச் செடியில் தனியாக நின்று எடுத்தேன். என் கூடை பாதிகூட நிறையவில்லை.

அந்த வீம்பு பதினைந்து நாள் நீடித்தது. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது என்று கேள்விப்பட்டேன். உன் வாசலைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போவேன். நீ இருமுவது கேட்கும். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை மல்லிகா வந்து நின்றாள். "அம்மா உங்களை ஒருக்கா வந்துட்டுப் போகச் சொல்லுது சித்தி."

"ஞாயித்துக்கெழமை வர்றேன்னு சொல்லு," என்றேன். என் நாக்கு அழுகிப் போக! உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நாலு கதவுதான்.

வியாழக்கிழமை விடியும்போது மல்லிகாவின் அலறல் கேட்டது. அன்று வேலை நாள். பெரட்டு மணி அடித்தது. பெண்கள் எல்லாரும் கூடையோடு லயத்து வாசலில் நின்றார்கள். போகவும் முடியவில்லை, உள்ளே திரும்பவும் முடியவில்லை. நீ கொண்டுவந்த புது வழக்கத்துக்கு முதல் சாவு நீயேதான். எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. நான் உட்கார்ந்தால் எல்லாரும் உட்காருவார்கள், அந்த வாரமும் கிழங்குதான். படங்கைக் கட்டினேன். உன் வாசலைப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள்.

கங்காணி உன் நிரையின் முன்னால் வந்து நின்றார். யாருக்குக் கொடுப்பது என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. "நான் எடுக்குறேன். ரெண்டும் நானே எடுக்குறேன்," என்றேன். மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லாரும் இறங்கினார்கள். "வா, மொகத்தைப் பாக்க வேணாமா? வாய்க்கரிசி போட வேணாமா?" என்று கூப்பிட்டார்கள். "அவ நிரையை முடிச்சுட்டு வந்துர்றேன். அவ எதையும் பாதியில விடமாட்டா," என்றேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சீக்கிரம் தூக்கிவிட்டார்கள். மேட்டில் இருந்த எனக்குத் தப்பு மேளச் சத்தம் கேட்டது. அது லயத்தைவிட்டு நகர்ந்து, வளைவில் திரும்பி, கீழே கீழே போனதும் கேட்டது. நான் இறங்கி வந்தபோது பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு நின்றார்கள்.

யாரும் என்னை ஏசவில்லை. அதுதான் கொடுமை. "சிநேகிதின்னா இப்படி இருக்கணும். அவ நிரையைப் பாதியில விடாம, மொகத்தைக்கூடப் பாக்காம நின்னு எடுத்தாளே," என்று சொல்லிச் சொல்லியே அதை ஒரு கதையாக்கிவிட்டார்கள். கல்யாண வீட்டில் சொன்னார்கள், கோயில் திருவிழாவில் சொன்னார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். தன்னடக்கம் என்று நினைத்தார்கள்.

இன்று அந்தப் பெரியவரின் கேத வீட்டில் உன் மல்லிகா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் நெற்றியோரம் நரைத்துவிட்டது. தன் வீட்டுக்குப் புதிதாக வாழ வந்த மருமகளிடம் என்னைக் காட்டி, "எங்கம்மாவோட கடைசி நிரையை இவங்கதான் முடிச்சாங்க. எனக்கு இன்னொரு அம்மா," என்றாள். சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "தேத்தண்ணி வேணுமா சித்தி?" என்று கேட்டாள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உன்னிடம் சொல்கிறேன். அன்று என் கைக்கு உன் வேகம் வந்திருந்தது. உன் நிரை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் என் நிரையும் முடிந்துவிட்டது. கங்காணி எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கியபோது, எடுக்க எனக்கு ஒரு கொழுந்துகூட மிச்சமில்லை. செடிகளுக்கு நடுவில், யார் கண்ணுக்கும் படாமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். தப்புச் சத்தம் தேயும்வரை எழுந்திருக்கவில்லை. நீ கூப்பிட்டு நான் வரவில்லை. எந்த மூஞ்சியோடு உன் மூஞ்சியைப் பார்ப்பேன்? பயந்துபோய் ஒளிந்துகொண்டேன்டி. வேறு ஒன்றுமில்லை.