முதல் எண்

14-8-2003, வியாழன், இரவு.

நாளை வேங்கிக்காலில் எங்கள் பள்ளியின் புதிய மாடிக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. கீற்றுக் கொட்டகையில் பள்ளி தொடங்கியபோது முதலில் சேர்ந்த பிள்ளைதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று தாளாளருக்கு ஆசை. ஆபீஸ் மேடம் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். முதல் எண்ணில் என் பெயர். நான் டீத் தட்டோடு அங்கேயே நின்றிருந்தேன்.

"சார், இது நம்ம எல்.கே.ஜி. ஆயா செல்வி!"

"வெளையாடாதீங்கம்மா" என்று தாளாளர் சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எதுவரைக்கும் படிச்ச?"

"எட்டாவதோட நின்னுட்டேன் சார்."

பதிவேட்டை மேடம் பக்கம் திருப்பினார். "ரெண்டாம் நம்பர் யாருன்னு பாருங்க."

பாலாஜி. இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான். போன் போட்டதும் வருவதாகச் சொன்னானாம்.

"விளக்கைப் பளபளன்னு தேச்சு வெச்சிடு செல்வி" என்றார் மேடம். புளி போட்டுத் தேய்த்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

வீட்டில் அம்மா, "நாளைக்கு நானும் விழா பாக்க வரட்டா?" என்றாள். பள்ளி தொடங்கிய அன்று விடியற்காலையே போய் நின்று என்னை முதல் ஆளாகச் சேர்த்தவள் அவள்தான்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கும்மா, வேணாம்."

அவள் எடுத்து வைத்திருந்த புடவையை மறுபடி பெட்டியில் வைத்துவிட்டுப் படுத்தாள்.