இரண்டாவது தம்ளர்

அம்மாவுக்கு முத்துச்செல்வி வணங்கி எழுதுவது. கோபாலபுரத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே சமைக்கும் பொன்மணி அக்காவுக்கு எல்லாமே பேஜாருதான். பஸ் வராவிட்டால் பேஜாரு, பால் திரிந்தால் பேஜாரு.

நான் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்காரம்மா, இறந்துபோன கணவருக்கும் தினமும் காபி வைப்பார். அது தெரியாமல் வந்த அன்றே எடுத்துக் குடித்துவிட்டேன். காலித் தம்ளரைப் பார்த்தவர், "அவர் குடிச்சிட்டாரு!" என்று சிரித்தார்.

"பேஜாரா கீதும்மா" என்றார் அக்கா, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் ஒளிந்து குடிக்கிறேன்.

கூழ்வடகம் கொஞ்சம் அனுப்புங்கள். சாப்பாட்டு நேரத்தில் என் தட்டையும் எடுத்து வைக்கிறீர்களாம், தங்கை சொன்னாள். இனி வைக்காதீர்கள் அம்மா. பேஜாராக இருக்கிறது.

காபிக்கு நேரமாகிவிட்டது. நான் போய்க் குடிக்க வேண்டும்.