எயினி அவிழ்க்காத கச்சை

பொன்னிலை நாட்டை வெயிலும் மழையும் முறை தவறாது காக்க. அந்நாட்டின் வடகரை அதிபர், மலையொத்த தோளர், வழக்கு மன்றில் ஒருபோதும் உறங்காதவர் என்று புகழ்பெற்ற நெடுவேள் ஆதனாருக்குத் தலையமைச்சர் இளஞ்சாத்தனார் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைந்துள்ளனவா என்று வினவுவது மரபு. வரும் வழியில் அமைச்சர் பல்லக்கோடு ஏரியொன்றினுள் விழுந்து அதனைத் தாமே அறிந்துகொண்டமையால் அவ்வினா இங்கு விடப்பட்டது.

செய்தி இது. ஆவூர்க் காவற்கூடத்தைப் பார்வையிடச் சென்ற அமைச்சர்முன் காவலர் பன்னிருவர் வரிசையாய் நின்றனர். பதினொருவர் இடையில் செங்கச்சை இருந்தது. கொற்றன் என்பான் இடையில் மாட்டுக் கயிறு இருந்தது. கச்சை வெளுக்கப் போயிருக்கிறது என்றார் காவல் தலைவர் வேங்கையார். எத்தனை நாளாய் என்று கேட்க, ஒன்பது நாளாய் என்றான் பொய் கூட்டத் தெரியாத கொற்றன். அத்தனை நாள் வெளுத்தால் செங்கச்சை வெண்கச்சை ஆகிவிடுமே என்று அமைச்சர் தம் வழக்கப்படி வேடிக்கை பேசினார். அவர் பேச்சுக்கு எப்போதும் கடமைக்காகவேனும் சிரிப்பவர்கள், அன்று கொற்றனின் கயிற்றையே பார்த்தனர். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிறரைப் பிடித்துச் செல்லும் காவலன் தன் கச்சையை அவர் வீட்டு வாசல் நிலையில் கட்டிவிட்டுச் செல்லவேண்டும்; இன்னான் கொண்டுபோனான் என்பதற்கு அதுவே சான்று. ஆள் போனபடியே திரும்பிய பின்னரே வீட்டார் அதனை அவிழ்த்துத் தருவர். இது நம் நாட்டுச் சட்டம். எழுதியவர் இந்த அமைச்சர். எழுதிவிட்டு மறந்தவரும் அவரே. மாலையில் காவலர் வந்து ஓர் அதட்டல் போட்டதும் வீட்டார் நடுங்கிக் கச்சையைக் கொடுத்துவிடுவது ஊரெங்கும் வழக்கமாகிப்போனதை ஆவூரில்தான் அறிந்தார்.

சுண்ணாம்புக் காளவாய் வைத்திருக்கும் எயினி மட்டும் கொடுக்கவில்லை. தம் வீட்டு மூக்குவைத்த வெள்ளிக் கிண்டியைத் திருடினான் என்று வேங்கையார் ஏவ, அவள் தம்பி பூதனைக் கொற்றன் இழுத்துச் சென்றான். ஒப்புக்கொள் என்று அவன் வலக்கை விரல் இரண்டைக் காவற்கூடத்தில் கொற்றன் நசுக்கினான். மூன்றாம் நாள் கிண்டி வேங்கையாரின் சொந்த நெற்குதிருக்குள்ளேயே கிடைத்தது. பூதனை வாசலில் விட்டுக் கச்சையைக் கேட்டனர். எயினி தம்பியின் கையைத் திருப்பிப் பார்த்தாள், தரமாட்டேன் என்றாள். காளவாயை இடித்துவிடுவோம் என்றனர். அதுவும் பலிக்காமல் ஒரு பானை வெல்லம் அனுப்பினர். பானை அப்படியே திரும்பி வந்தது.

அமைச்சர் தாமே சென்றார். நடந்ததற்கு வருந்துவதாகவும், கச்சையைக் கையில் கொடுத்தால் விசாரணை விரைவாய் முடியும் எனவும் தேன் தடவிச் சொன்னார். அவள் விடையை ஓர் எழுத்தும் மாற்றாது பொறிக்கப் பணித்திருக்கிறார்:

"போனபடி வந்தாத்தானேய்யா அவிழ்க்கணும்? இவன் இன்னும் முழுசா வந்து சேரலை. ரெண்டு விரல் உங்க கூடத்துலயே நிக்குது."

"அக்கா, பெரியவருக்கு மோராவது குடு, வேர்த்துக் கொட்டுது" என்றான் உள்ளிருந்து பூதன்.

அமைச்சர் மோரைக் குடித்தார். எழுத்தறியாத ஒருத்தி, எழுதியவனுக்கே அவன் சட்டத்தை நினைவூட்டி, மோரும் கொடுத்தனுப்பினாள். இத்தகையோர் வாழும் நாட்டுக்கு அமைச்சராய் இருப்பது தம் தகுதிக்கு மிஞ்சிய பேறு என எண்ணிக்கொண்டார்.

ஆகலின் அரசர் பெயரால் ஆணை: நசுக்கிய கொற்றனும் ஏவிய வேங்கையாரும் இன்றே பணி நீங்கி மன்றில் நிற்க. எயினியே வழக்குரைக்க, அக்கச்சை அவள் சான்று, எவரும் தொடற்க. மருத்துவர் பூதனின் கையைக் கண்டு காயத்தை எழுதித் தருக. அது ஆறும்வரை அவன் சோறும் மருந்தும் காவற்கூடத்தின் பொறுப்பு. ஆள் நலமாய்த் திரும்புமுன் கச்சையைக் கேட்பவன் எவனாயினும், எப்பதவியினனாயினும், குற்றவாளியே.

அவ்வாணைப்படி முதற் குற்றவாளி இளஞ்சாத்தனார். எனவே தம் பொற்கரைக் கச்சையை அவிழ்த்துச் செங்கச்சைக்குப் பக்கத்தில் அவள் வாசல் நிலையில் தாமே கட்டிவிட்டு வந்தார். தீர்ப்பு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

இலச்சினை சாய்ந்து விழுந்திருப்பது கண்டு ஓலை பொய்யென ஐயுற வேண்டா. பொறிக்கும்போது அமைச்சரின் மறுகை வேட்டியைப் பிடித்திருந்தது. விரைந்து தீர்ப்பருள்க.