பட்டியலில் புதுசு, ஓடியது பழசு

அன்புள்ள கூட்டாளிக்கு,

இன்று காலை சர்வரின் மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசி வாசம் வந்தது. மடுல்சீமைத் தோட்டத்தில், மூடிக்கிடந்த பிள்ளைக்காம்பராவில் நாம் ஒரு பழைய கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நாட்களின் அதே வாசம். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது நம்மை விட்டுப்போன அறையிலேயே, வளர்ந்த பிறகு லினக்ஸ் படித்தோம். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பதுளையில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் புதுக் கருவி வந்திருக்கிறது. அதை அடையாளம் காண, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் சர்வருக்குப் புதிதாக வேண்டும். இயங்குதளத்தை மேம்படுத்தினேன். எல்லாம் முடிந்தது என்றது திரை. மறுபடி இயக்கினால், கருவி இருப்பதே சர்வருக்குத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் ஆட்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். அதில் நம்மூர் அக்கா ஒருவர், "ரெண்டரை பஸ்ஸ விட்டா வீடு போய்ச் சேர முடியாதும்மா" என்றார். முதலாளி எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, கொழும்புக்கு கோல் எடுக்கவா?"

போன வருடம்தான் சர்வரை நம்பி என் கையில் கொடுத்திருந்தார். முன்பு அதைப் பார்த்துவந்த கொழும்பு ஆள் திரும்ப வந்தால் அந்தப் பொறுப்பு என்னைவிட்டுப் போய்விடும்.

கர்னலை இரண்டு தடவை திரும்ப நிறுவினேன். கோபம் வந்தால் நான் ஒரே பொத்தானைத்தான் அமுக்கிக்கொண்டிருப்பேன், உனக்குத் தெரியுமே. அப்போதுதான் நீ சொல்வது ஞாபகம் வந்தது. "செக்ரோல்ல பேர் இருந்தா போதுமாடி? பெரட்டுக்கு ஆள் வந்திருக்கான்னு பாரு." தோட்டத்தில் காலைப் பெரட்டில் செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. நிறுவிய பட்டியலை நம்பாமல், இப்போது ஓடுவது எது என்று கணினியையே கேட்கச் சொல்வாய். கேட்டேன். பழைய கர்னலின் எண்ணைச் சொன்னது!

காரணம் யார் என்கிறாய்? நானேதான். போன வருடம் பிரிண்டர் சண்டித்தனம் பண்ணியபோது, எப்போதும் பழைய கர்னலிலேயே தொடங்கும்படி அமைப்பில் ஒரு வரி எழுதிவைத்து, அதை மறந்தும் போயிருக்கிறேன். நீ இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய். வரியை மாற்றி மறுபடி இயக்கினேன். புது எண் வந்தது, கருவியும் தெரிந்தது. பழையதை அழிக்கவில்லை. "புதுசு ஒரு வாரம் ஒழுங்கா வேல செஞ்சு காட்டட்டும்டி" என்பாயே.

அக்கா இரண்டு மணிக்கே ரிப்போர்ட்டோடு பஸ் நிலையத்துக்கு நடந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பெருமைப்பட்டேன்.

முதலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். "யார் தங்கச்சி இதெல்லாம் சொல்லித் தந்த?"

"என் கூட்டாளி ஒருத்திங்க. ஒண்ணாப் படிச்சோம்."

"அவங்க இப்ப எங்க வேல?"

"என்கூடத்தாங்க" என்றேன்.