புகையிலைக் கிடங்கில் ஆறு கார்கள்

கர்ஜாலி, பல்கேரியா,
செப்டம்பர் 9

அன்புள்ள நெவேனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், தக்காளி முழுவதும் ஜாடிகளில் அடைத்தாயிற்று. அங்கே துருக்கியில், பூர்சாவில், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

என் சித்தப்பா ஸ்தாமென் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மாற்றுடை எடுக்க அவர் வீட்டுக்குப் போனவள் அலமாரியில் கார் வைப்பர்களைப் பார்த்தேன். ஆறு ஜோடி, ஒவ்வொன்றிலும் ஒரு துருக்கியப் பெயர் எழுதிய சீட்டு. அந்தக் காலத்தில் தெருவில் காரை நிறுத்தினால் வைப்பரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம், இல்லையென்றால் காலையில் இருக்காது. ஆனால் சித்தப்பாவிடம் கார் இருந்ததே இல்லையே. கேட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து, “கிடங்குல போய்ப் பாரு. எலிப்பொறி வெச்சிருக்கேன், கால ஜாக்கிரதையா வை” என்றார்.

அவர் காவல் பார்த்து, மூடிய பிறகு அவரே வாங்கிப்போட்ட புகையிலைக் கிடங்குதான். அப்பாவும் நானும் போனோம். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் ஆறு கார்கள், சக்கரம் கழற்றி மரக்கட்டைகள்மேல் ஏற்றியபடி. ஒரு வார்சாவா, இரண்டு வார்ட்பர்க், மற்றவை மாஸ்க்விச். பெயின்டில் முகம் தெரிகிறது. ஒன்றின் பின்சீட்டில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு, இன்னொன்றில் சூரியகாந்தி விதைத் தோல்கள், அதைக்கூட அவர் பெருக்கவில்லை. நடுவில் ஒரு காரின் இடம் காலி, நான்கு கட்டைகள் மட்டும்.

எண்பத்தொன்பது கோடையில் இங்கிருந்த துருக்கியர்களை எல்லைக்கு அந்தப்பக்கம் விரட்டியபோது, ரயிலில் போனவர்கள் இவரிடம் விட்டுப்போன கார்கள். இவர் அடிமாட்டு விலைக்கு வாங்கி விற்றுத் தின்றார் என்று ஊர் பேசியது. நானும் நம்பினேன் நெவேனா, முப்பது வருடம் அவர் வீட்டு வாசலோடு பேசித் திரும்பினேன். ஏன் விற்கவில்லை என்றதற்கு, “வித்தா திருடன், விக்காட்டி பைத்தியம். பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன், அதுக்கு யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க” என்று சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார்.

அந்தக் காலி இடத்தைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது. “அது ரெஜெப்போடது. உங்கப்பன் வந்து ஓட்டிட்டுப் போயிட்டான். சொந்த அண்ணன எப்படிம்மா மறிச்சு நிக்கிறது? பூட்ட மாத்தினதும் படுதா கட்டினதும் அதுக்கப்புறந்தான்.”

அதுதான் நம் வெள்ளை மாஸ்க்விச். பிறந்த உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த கார். நியாயமாக வாங்கியது என்றுதான் உன் தாத்தா கடைசிவரை சொன்னார். அது பழைய இரும்புக்குப் போய்ப் பல வருடமாயிற்று.

மற்ற ஆறு பெயர்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன், மெதுவாக விசாரி. ரெஜெப் பூர்சாவில் தையல் கடை வைத்தார் என்று சித்தப்பா கேள்விப்பட்டிருக்கிறார். ரெஜெப்போ அவர் பிள்ளைகளோ இருந்தால் முதலில் அங்கே போ. நான் வந்து நிற்க வேண்டிய இடம் அது, சித்தப்பா நடக்கத் தொடங்கியதும் வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். ஒன்றை மறக்காதே. போனவுடன் உட்காரச் சொல்லி டீ கொடுப்பார்கள். உட்காருவதற்கு முன்பே நீ யாருடைய பேத்தி என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
ருமியானா